வியாழக்கிழமை முப்பத்தாறு குரங்குகள்

தம்பி, சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்கள். மடியில் ஃபைல் இருக்கிறது. பஸ் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசித்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். எனக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா? சின்னக் கடிதம். எட்டு வரிக்கு மேல் போகாது. பாளையங்கோட்டை போய்ச் சேருவதற்குள் முடித்துவிடலாம்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். முன்னால் பெண்கள் சீட்டில் கரும்பச்சைச் சேலை கட்டியிருக்கிறவள் என் மனைவி எமல்டா. நமக்கு நாலு சீட்டு முன்னால். அவளுக்குத் தெரியக்கூடாது என்றில்லை. தெரிந்தால் பேச்சு வளரும். எனக்குப் பேச்சு வளர்ந்தால் ஆகாது.

என் பெயர் சவேரியான் மோத்தா. எட்டாவது வரை படித்தேன். தூத்துக்குடி ஹார்பரில் முப்பத்து நாலு வருஷம் டாலி கிளார்க். கப்பலில் மூட்டை ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக் குறிக்கிற ஆள். நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். எண்ணுகிறவன் ஒருவன் இல்லை, இரண்டு பேர். கப்பல் தரப்பில் ஒருவன், கரைத் தரப்பில் ஒருவன். ஒருவன் தாளை ஒருவன் பார்க்கக்கூடாது. வேலை முடிந்ததும் இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒத்து வந்தால் கையெழுத்து. வராவிட்டால் கையெழுத்து இல்லை. கணக்கில் ஒரு மூட்டை இடித்தது என்று ஒரு கப்பலை இரண்டு மணி நேரம் நிறுத்தியிருக்கிறேன். கப்டன் மேலே நின்று கத்துகிறான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பேச வராது. கையெழுத்தும் போடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடிதத்துக்கு இது வேண்டும்.

என் மூன்றாவது பிள்ளை கிளாடியஸ். முப்பத்தாறு வயது. கப்பலில் சமையல்காரனாகப் போனவன், கரீபியன் கடலில் ஒரு தீவில் இறங்கி, அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தீவின் பெயர் ஒரு சர்டிபிகேட்டில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். போன மே மாதம் எங்கள் இருவரையும் விடுமுறைக்குக் கூப்பிட்டான். "பன்னெண்டு நாள் சும்மா வந்து இருங்கப்பா, கடலைப் பாருங்க" என்றான். கடலை நான் பார்க்காததா? ஆனாலும் போனோம். மூன்று விமானம். எமல்டாவின் பெட்டியை நான்தான் எடை போட்டேன். அதில் சிவப்புப் பட்டுச்சேலை ஒன்று இருந்தது, எழுநூற்று ஐம்பது கிராம். "கடற்கரைக்குப் போறதுக்கு பட்டு எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும், உங்களைக் கடிக்குதா?" என்றாள்.

மலைச்சரிவில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தான். முன்னால் மரப்பலகை போட்ட வராந்தா. கீழே பழைய கல்மதில், பாதி இடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மாந்தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் இன்னொரு வீடு, தகரக் கூரை.

வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பேச்சை எடுத்துவிட்டான். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். தட்டில் நாலு பன் இருந்தது. அந்தத் தகரக் கூரை வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பெயர் மார்சியா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இறந்து நாலு வருஷம். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, கேலா.

"அப்பா, நீங்க வாயைத் திறந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க சொல்லாம எனக்கு மனசு ஒப்பாது" என்றான்.

அந்த நாட்டுக்காரி, நிறம், அதையெல்லாம் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. நானும் ஹார்பர் வெயிலில் கருகினவன்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவனே ஒப்புக்கொள்வான். பதில் சொல்ல நிமிர்ந்தேன். அப்போதுதான் வராந்தாக் கம்பியில் அது வந்து உட்கார்ந்தது.

நம்ம ஊர்க் குரங்கு மாதிரி முகம் சிவப்பில்லை. மை தடவின மாதிரி முகம். உடம்பில் சாம்பலும் பச்சையும் கலந்த மயிர். என்னைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. ஒரு பன்னை எடுத்தது. அவசரமில்லாமல் எடுத்தது, தம்பி. அவ்வளவு மரியாதையாகத் திருடுகிற பிராணியை நான் ஹார்பரில்கூடப் பார்த்ததில்லை.

"ஒண்ணு" என்றேன்.

"என்னப்பா?"

"குரங்கு. ஒண்ணு."

எமல்டா அவனைப் பார்த்து, "விடுடா, நாளைக்குப் பேசலாம்" என்றாள்.

எங்களை ஏற்றி வந்த டாக்ஸிக்காரர், அந்தத் தீவில் மனிதரைவிடக் குரங்கு அதிகம் என்று சொல்லியிருந்தார். யார் எண்ணினது என்று கிளாடியஸை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தார். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கினவையாம். எத்தனை இறங்கியது என்றேன். தெரியாதாம். கப்பலில் வந்த சரக்கு, எண்ணிக்கை இல்லாமல் கரைக்கு விட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நோட்டும் பென்சிலுமாக வராந்தாவில் உட்கார்ந்தேன். குரங்குகள் ஓடைப் பக்கத்திலிருந்து வந்தன. இடிந்த மதிலின் மேல் வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக, கப்பல் பலகையில் மூட்டை வருகிற மாதிரியே வந்தன. அந்த இடத்தை விட்டால் தோட்டத்துக்குள் இறங்க வேறு வழியில்லை. எண்ணுவதற்கென்றே கட்டின மதில். இருபத்தேழு.

மார்சியா தோட்டத்துக்குள் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவை வேடிக்கை இல்லை. மாங்காயை ஒரு கடி கடித்துவிட்டு எறிந்தால் அவளுக்குத்தான் நஷ்டம். நான் குறிக்கிறதைப் பார்த்தாள். எனக்கு அவள் இங்கிலீஷ் பிடிபடாது, அவளுக்கு நம் பாஷை தெரியாது. ஆனால் ஒன், டூ, த்ரீ ஹார்பரில் பழகினதுதான். மூன்று விரலைக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினாள். முப்பத்தொன்று என்றாள்.

பாருங்கள், கரைத் தரப்பில் ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். நல்ல கண். அதைச் சொல்ல வேண்டும்.

வியாழன் நான் இருபத்தொன்பது, அவள் முப்பத்து மூன்று. வெள்ளி மழை, நான் இருபத்து நாலு, அவள் இருபத்தெட்டு. எப்போதும் நாலு இடிக்கிறது. சனிக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. நாலு தாய்க் குரங்குக்கு வயிற்றில் குட்டி தொங்கியது. நான் தாயோடு சேர்த்து ஒன்று என்று போட்டேன். அவள் இரண்டு என்று போட்டிருக்கிறாள்.

அன்று காலை மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும், அந்தப் பக்கம் மார்சியாவும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையும். கிளாடியஸ் நடுவில் நின்று இரண்டு பேர் பேச்சையும் மாற்றிச் சொன்னான்.

"குட்டியும் ஒரு உசிர்தானே, அதுவும் நாளைக்குத் திங்கத்தானே போகுதுன்னு கேட்கிறாப்பா."

"ஒரு மூட்டையோட இன்னொரு பை சேத்துத் தைச்சு வந்தா, அது ஒரு உருப்படி. தனியாப் போட முடியாது. இது தாயோட ஒட்டிக்கிட்டு வந்தது. கணக்குல சேராதுன்னு சொல்லு."

அவன் அதை மாற்றிச் சொல்லவில்லை. மார்சியா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எமல்டா என் பக்கம் திரும்பி, "மனுசங்க முன்னால பேசுற பேச்சா இது?" என்றாள்.

"குரங்கைத்தானே சொன்னேன்?"

"ஆமா. குரங்கைத்தான் சொன்னீங்க."

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை, தம்பி. அன்றிலிருந்து பகல் முழுக்க அந்தத் தகரக் கூரை வீட்டிலேயே கிடந்தாள். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்கிறாளாம். மீன் குழம்புக்கு எத்தனை நாள்? ஐந்து நாள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். சின்னக் கோயில். பெஞ்சு இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு. சாமியார் கடைசியில் ஒரு தாளை எடுத்து என்னவோ வாசித்தார். அதில் கிளாடியஸ் பெயர் வந்தது. மார்சியா பெயரும் வந்தது. 'தேர்ட்' என்ற வார்த்தையும் வந்தது. அவன் எனக்கு மூன்றாவது பிள்ளை, அதைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விருந்தாளிக்கு அவ்வளவு மதிப்பு. நம் பக்கம் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் அந்த வழக்கம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. நான் பூசை முழுக்க முழித்துத்தான் இருந்தேன்.

திங்கள் சாயங்காலம் கிளாடியஸ் மறுபடி வந்தான். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, இன்னும் என்னப்பா யோசனை?"

"யோசனை ஒண்ணுமில்லலே. கணக்கு ஒத்து வரட்டும்."

"எந்தக் கணக்கு?"

"அவளும் நானும் எண்ணுறோம்லா. அது ஒத்து வரட்டும். அப்புறம் சொல்லுதேன்."

"ஒத்து வரலைன்னா?"

"வரும். எண்ணிக்கை ஒழுங்கா இருந்தா வரும்."

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் லீவுப்பா" என்றான். எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் விமானம். நேரம் நிறைய இருந்தது. நான் வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. இதைக் கடிதத்தில் போட வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். மே பதினாறு. இது முக்கியம், கவனியுங்கள்.

அன்று குரங்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பத்து மணிக்கு வர ஆரம்பித்தன. தோட்டத்தில் தகரம் தட்ட ஆள் இல்லை. அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். எமல்டா வெளியே வந்தாள், அந்தச் சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு. தலையில் என்னவோ வெள்ளைப் பூ. கிளாடியஸ் கோட்டு, டை. படிக்குக் கீழே அந்தக் குழந்தை நிற்கிறது, புது வெள்ளை ஷூ, தலையில் ரிப்பன்.

"எங்கே?" என்றேன்.

"கடைக்கு" என்றாள் எமல்டா.

"பட்டைக் கட்டிக்கிட்டா?"

"ஆமா. நீங்களும் வாங்களேன்."

"கணக்கை நடுவுல விட்டுட்டு எப்படி வர?"

அவள் போகவில்லை. வாசல்படியில் நின்றாள். "வாங்களேன்" என்றாள் இன்னொரு தடவை. அவள் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்கிற ஆளில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து மதில் மேல் ஏழாவது ஏறுகிறது. எனக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை.

அவள் இறங்கிப் போய்விட்டாள். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆனால் கார் புறப்படவில்லை. கிளாடியஸ் மட்டும் திரும்பி ஏறி வந்தான். என் நாற்காலிக்கு முன்னால் வந்து முழங்கால் போட்டான். கோட்டு அழுக்காகுமே என்று எனக்கு. "அப்பா, நான் போயிட்டு வரட்டா?" என்று கேட்டுக்கொண்டே நெற்றியை என் பக்கம் நீட்டினான். கண்ணை மூடியிருந்தான். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது அப்படித்தான் நீட்டுவான், நான் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவேன். முப்பத்தாறு வயதுக்காரன் கடைக்குப் போகிறதற்கு அதெல்லாம் எதற்கு? அதுவும் அவன் தலை சரியாக மதிலை மறைத்தது. பதினொன்றும் பன்னிரண்டும் தாண்டிக்கொண்டிருந்தன.

"நகருலே, மறைக்குது" என்றேன்.

நகர்ந்தான். போய்விட்டான்.

அன்று முப்பத்தாறு, தம்பி. வந்ததிலிருந்து அதுதான் அதிகம். வீடு முழுக்க எனக்கு. ஒரு சத்தம் இல்லை, ஒரு குறுக்கீடு இல்லை. தோட்டத்தில் ஆள் இல்லாததால் எல்லாம் நிதானமாக இறங்கி, நிதானமாகத் தின்று, நிதானமாக ஏறிப் போயின. போகும்போதும் எண்ணினேன், முப்பத்தாறு. ஆனால் மார்சியா இல்லையே. ஒரு தரப்புக் கணக்கு கணக்கில் சேராது. அதனால் அதை நோட்டில் தனியாகக் கட்டம் போட்டு வைத்தேன்.

மூன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். மார்சியாவும் கூட. கடைக்குப் போனவர்கள் கையில் சாமான் ஒன்றும் இல்லை, ஒரு கேக் பெட்டிதான். கறுப்புக் கேக்; உலர்ந்த பழமெல்லாம் போட்டு, நம் கிறிஸ்மஸ் கேக்கைவிடக் கனமாக இருந்தது. மார்சியாவே தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "பப்பா" என்றாள். இரண்டு துண்டு தின்றேன். "இன்னைக்கு முப்பத்தாறு" என்று சொன்னேன். கிளாடியஸ் இங்கிலீஷில் சொன்னான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எமல்டா உள்ளே போய்ப் பட்டை மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். மே பதினெட்டு. மறுநாள் புறப்பாடு. மார்சியா தானாகவே ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மதிலடிக்கு வந்து நின்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. குரங்குகள் வந்தன. இத்தனை நாளும் வயிற்றைப் பிடித்துத் தொங்கின குட்டிகள் இறங்கி மதில்மேல் தாங்களாகவே நடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது குட்டி பாதி நடந்தது, பாதி தொங்கியது. நடந்தது என்றே போட்டேன்.

முப்பத்து நாலு வருஷத்தில் நான் அப்படி ஒரு கோடு போட்டதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இரண்டு தாளையும் கிளாடியஸ் ஒரே நேரத்தில் திறந்தான். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

நாற்காலியை விட்டு எழுந்தேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். "சரி" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

யாராவது துள்ளிக் குதிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும், பன்னிரண்டு நாள் காத்திருந்த வார்த்தை. கிளாடியஸ் அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கல்மதிலைப் பார்த்தாள். பிறகு அவன், "ரொம்ப சந்தோஷம்பா" என்றான். மார்சியாவுக்கு அவன் மாற்றிச் சொன்னதும் அவள் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள், வந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரலில் மோதிரம் இருந்தது. நான் சரி சொல்வேன் என்ற நம்பிக்கையில் பையன் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறான், பாருங்கள்.

"காப்பி ஆறுது" என்றாள் எமல்டா. அவ்வளவுதான் அவள் சொன்னது.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். போன வாரம் பீரோவில் மாத்திரைச் சீட்டைத் தேடினேன். எமல்டாவின் பட்டுக்கு அடியில் இது இருந்தது. விரித்துப் பாருங்கள். அந்த ஊர்க் கோயில் கொடுத்த கல்யாண சர்டிபிகேட். பெயர் எல்லாம் சரி. என் பெயரையும் சரியாக எழுதியிருக்கிறார்கள், மோத்தா என்பதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. தேதியைப் பாருங்கள். மே பதினாறு, வியாழக்கிழமை.

எப்படி? நான் சரி சொன்னது பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து இருபதுக்கு. நோட்டில் எழுதியிருக்கிறேன். தகப்பன் சொல்வதற்கு முன்னால் அவன் கட்டியிருக்க முடியாது. அவனே சொன்னானே, நீங்க சொல்லாம மனசு ஒப்பாது என்று. நாங்கள் புறப்பட்ட பிறகுதான் நடந்திருக்கும். எழுதின ஆள் தேதியை மாற்றிப் போட்டுவிட்டார். ஆறு வரி எழுதினால் ஒரு வரி தவறுவது சகஜம். நான் குறை சொல்லவில்லை. திருத்தித் தர வேண்டும், அவ்வளவுதான்.

என்ன பார்க்கிறீர்கள்? கீழேயா? ஆமாம், சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று எமல்டாவுடையது. தமிழில்தான் போடுவாள். புறப்பட்ட பிறகு நடந்த கல்யாணத்தில் அவள் கையெழுத்து எப்படி என்கிறீர்கள். முன்கூட்டியே வெறும் தாளில் வாங்கி வைத்திருப்பார்கள். ஹார்பரிலும் அவசரத்துக்கு அப்படிச் செய்வது உண்டு. நான் செய்ததில்லை. ஆனால் உண்டு.

அவளிடமே கேட்கலாமே என்கிறீர்கள். கேட்கலாம். நாலு சீட்டுதான். இந்த ஒரு வாரமாக வீட்டிலேயும் எதிரெதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நான் கேட்கவில்லை. அவளுக்குத் தேதியெல்லாம் ஞாபகம் இருக்காது.

எழுதுங்கள், தம்பி. பெருமதிப்புக்குரிய சாமியார் அவர்களுக்கு. தங்கள் கோயிலில் நடந்த என் மகன் கல்யாணத்தின் தேதி வியாழக்கிழமை என்று பதிவாகியிருக்கிறது. மணமகனின் தகப்பன் சம்மதம் கொடுத்தது சனிக்கிழமை. ஆகவே அது ஞாயிற்றுக்கிழமையோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். தயவுசெய்து தங்கள் புத்தகத்தில் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளவும். எழுதிவிட்டீர்களா? வாசித்துக் காட்டுங்கள். சரி. சனிக்கிழமை என்பதற்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

வாகைக்குளம் தாண்டிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், தாளைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கள். எட்டு வரி ஆகிவிட்டதா? ஏழுதானா? அப்படியானால் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. கடைசியில் இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்: இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.